டெக்சஸ் ஸ்டேட் பார்க்கில் இரவு தங்க: டென்ட்டா, ஷெல்டரா, கேபினா?

பிப்ரவரி பிறந்தால் போதும், ஆஸ்டின், டாலஸ், ஹூஸ்டன் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸாப் குழுக்களில் ஒரே கேள்வி சுற்ற ஆரம்பித்துவிடும். குழந்தைகளோடு கேம்பிங் போக எந்த ஸ்டேட் பார்க் (மாநில அரசின் பூங்கா) நல்லது? ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள்: கார்னர், இங்க்ஸ் லேக், பெடர்னேல்ஸ் ஃபால்ஸ், என்சான்டட் ராக். எல்லாப் பெயரும் சரிதான். டெக்சஸில் எண்பதுக்கும் மேற்பட்ட ஸ்டேட் பார்க்குகள் இருக்கின்றன. ஒன்றையும் மோசம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் போய்வந்தவர்கள் "இனி இந்தப் பக்கமே வரமாட்டோம்" என்று சலித்துக்கொண்டால், அந்தச் சலிப்பு பெரும்பாலும் பூங்காவின் மேல் இருக்காது. இரவு தூங்க முடியாமல் போனதன் மேல்தான் இருக்கும்.

அதனால் பூங்காவைப் பிறகு பார்ப்போம். எந்தக் கூரைக்குக் கீழே படுக்கப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். முன்பதிவுப் பக்கத்தைத் திறந்தால் நான்கு வகை கண்ணில் படும். மின்சாரம் இல்லாத டென்ட் தளம், தண்ணீரும் மின்சாரமும் உள்ள தளம், ஸ்கிரீன்டு ஷெல்டர் எனப்படும் வலைச்சுவர் அறை, கடைசியாக கேபின். இந்த நான்கையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம்.

## எதை வைத்து முடிவு செய்வது?

முதலாவது, மாதம். மத்திய டெக்சஸில் ஆகஸ்ட் இரவு 75 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு இறங்குவதே விடியற்காலையில்தான். குழந்தைகள் படுக்கும் ஒன்பது மணிக்கு இன்னும் 85-க்கு மேலேயே நிற்கும், காற்றும் இருக்காது. அக்டோபர் இறுதியில் இரவு 60-க்குக் கீழே வரும். ஜனவரியில் 40-ஐ ஒட்டி நிற்கும். இவை சராசரிதான். வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கும் நாளில் மதியம் டி-ஷர்ட்டோடு திரிந்தவர்கள் மாலையில் ஜாக்கெட்டைத் தேடுவார்கள். பூங்காவின் புகைப்படங்களைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் இந்த ஒன்றைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இரண்டாவது, உங்கள் குழுவில் தூக்கம் வருவதற்கு மிகவும் சிரமப்படுகிறவர் யார் என்பது. அவரை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும், மற்றவர்களை வைத்து அல்ல. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்கு முழங்கால் வலி, இரவில் இரண்டு முறை எழுந்து போக வேண்டும் என்றால், தரையோடு தரையாகக் கிடக்கும் டென்ட்டுக்குள் ஊர்ந்து போவதும் வருவதும் அவருக்குத் தண்டனை. ஒன்றரை வயதுக் குழந்தை உள்ள வீட்டுக்கு வேறு கணக்கு: பக்கத்துத் தளத்தில் பேச்சுக்குரல் கேட்டால் விழித்துக்கொள்ளும் குழந்தை அது.

மூன்றாவது, சாப்பாடு. நம் வீடுகளில் கேம்பிங் என்றாலும் பிரட்டும் ஹாட் டாகும் இரண்டு வேளைக்கு மேல் தாங்காது. சோறு வடிக்க வேண்டும், காபி போட வேண்டும். மின்சாரம் உண்டா, சமைக்க இடம் எங்கே என்பது தங்கும் வகையைப் பொறுத்து மாறும்.

நான்காவது, முழுச் செலவு. பட்டியலில் காட்டும் விலை தளத்துக்கு மட்டும்தான். பதின்மூன்று வயதானவர்களில் தொடங்கி ஒவ்வொருவருக்கும், தங்கும் ஒவ்வொரு நாளுக்கும், தனியாக நுழைவுக் கட்டணம் உண்டு; பன்னிரண்டும் அதற்குக் கீழும் இலவசம். பிரபலமான பூங்காக்களில் இது ஏழு, எட்டு டாலர் வரை போகும். கணவன், மனைவி, தாத்தா, பாட்டி என்று நான்கு பேர் இரண்டு நாள் தங்கினால், ஏழு டாலர் வீதம் 56 டாலர். இருபது டாலர் தளத்துக்கு இரண்டு இரவு வாடகையே 40 டாலர்தான். வாடகையை விட நுழைவுக் கட்டணம் அதிகம்! இங்கேதான் ஸ்டேட் பார்க் ஆண்டு பாஸ் உதவிக்கு வருகிறது. அந்த பாஸ் இருந்தால் ஒரே வண்டியில் வரும் எல்லோருக்கும் நுழைவு இலவசம். கேம்பிங் தளத்தில் இரண்டாம் இரவுக்குப் பாதிக் கட்டணச் சலுகையும் சில முறை கிடைக்கும். ஆண்டுக்கு இரண்டு முறை போகிற குடும்பம் என்றால் யோசிக்கவே வேண்டாம், வாங்கிவிடுங்கள்.

ஐந்தாவது, இடம் கிடைப்பது. தங்குவதற்கான முன்பதிவு ஐந்து மாதங்களுக்கு முன்னால் திறக்கும். கேபின்கள் அன்றே போய்விடும். டென்ட் தளங்கள் அவ்வளவு வேகமாகப் போவதில்லை, ஆனால் ஸ்பிரிங் பிரேக், ஈஸ்டர், தேங்க்ஸ்கிவிங் வாரங்களில் அவையும் நிரம்பிவிடும்.

| வகை | ஓர் இரவுக்கு உத்தேசக் கட்டணம் | ஏற்ற காலம் | யாருக்கு |
|---|---|---|---|
| மின்சாரம் இல்லாத டென்ட் தளம் | 10–20 டாலர் | அக்டோபர் நடு முதல் நவம்பர் வரை, மார்ச், ஏப்ரல் | இளைஞர்கள், பெரிய பிள்ளைகள் உள்ள குடும்பம் |
| தண்ணீர், மின்சாரத் தளம் | 20–30 டாலர் | செப்டம்பர் இறுதி முதல் மே தொடக்கம் வரை | சொந்தமாகச் சமைக்க விரும்புகிறவர்கள் |
| ஸ்கிரீன்டு ஷெல்டர் | 25–40 டாலர் | மார்ச் முதல் மே நடு வரை, அக்டோபர், நவம்பர் | முதல்முறை போகிறவர்கள், பெற்றோரோடு போகிறவர்கள் |
| கேபின் | சிறியது 50 முதல், பெரியது 100-க்கு மேல் | கோடை, கடுங்குளிர் உட்பட எல்லா மாதமும் | கைக்குழந்தை, வயதானவர்கள் |

நுழைவுக் கட்டணம் இந்தத் தொகைகளில் அடங்காது.

## மின்சாரம் இல்லாத டென்ட் தளம்

காட்டுக்குள் தங்கிய உணர்வு முழுதாகக் கிடைப்பது இதில்தான். கார் நிறுத்தும் இடத்திலிருந்து சாமான்களைத் தூக்கிக்கொண்டு நடந்து போக வேண்டிய தளங்களில் கூட்டமும் வண்டிச் சத்தமும் கிடையாது. என்சான்டட் ராக் முழுவதுமே இப்படித்தான். அங்கே கார் அருகில் டென்ட் போடும் வசதியோ ஆர்.வி. (உள்ளேயே படுத்துச் சமைக்கும் வீட்டு வண்டி) நிறுத்தும் வசதியோ இல்லை. சுற்றியுள்ள நிலத்திலிருந்து 425 அடி எழுந்து நிற்கும் அந்த இளஞ்சிவப்புக் கருங்கல் மொட்டைப்பாறையின் அடிவாரத்தில், நகர வெளிச்சம் எட்டாத இருட்டில் வானத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் கையில் தூக்கிச் செல்லத் தயாராக இருக்க வேண்டும். பெடர்னேல்ஸ் ஃபால்ஸில் உள்ள நடந்துபோகும் தளங்களுக்கு இரண்டு மைல் நடை. குடத்தைப் போல் கனக்கும் ஐஸ் பெட்டியோடு அங்கே போக நினைப்பவர்கள் முதல் அரை மைலிலேயே மனம் மாறிவிடுவார்கள்.

மறைமுகச் செலவு சாமான்களில் இருக்கிறது. டென்ட், பாய், ஸ்லீப்பிங் பேக், விளக்கு, அடுப்பு என்று முதல்முறை வாங்கக் கிளம்பினால் முந்நூறு டாலர் கண்மூடித் திறப்பதற்குள் கரைந்துவிடும். ஆறு பேர் டென்ட் என்று அட்டையில் போட்டிருப்பது ஆறு பேர் நெருக்கியடித்துப் படுப்பதற்கு. நான்கு பேர் குடும்பத்துக்குத்தான் அது சரிப்படும். ஹில் கன்ட்ரி எனப்படும் மத்திய டெக்சஸ் குன்றுப் பகுதியின் தரை பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறை. டென்ட்டோடு வரும் மெல்லிய அலுமினிய முளைகள் வளைந்துபோகும். தடித்த எஃகு முளைகளும் ஒரு சுத்தியலும் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு, நெருப்பெறும்பு. டெக்சஸில் டென்ட் போடுகிறவர்கள் பாம்பை விட இதற்குத்தான் பயப்பட வேண்டும். மழை பெய்த மறுநாள் புற்று மண் புதிதாகப் பொங்கி நிற்கும். காய்ந்த தரையில் அது கண்ணுக்கே தெரியாது. இருட்டிய பிறகு வந்து கார் விளக்கில் டென்ட் போடுகிற குடும்பங்கள்தான் பெரும்பாலும் அதன் மேலேயே விரிக்கின்றன. பகலில் வந்து, விரிக்கும் இடத்தைக் காலால் தட்டிப் பார்த்து, பத்து நிமிடம் காத்திருந்து, அதற்குப் பிறகு விரியுங்கள். டென்ட்டுக்குள் முறுக்கு, மிக்சர் கூடாது. எறும்பு வராவிட்டாலும் ரக்கூன் வரும். கொக்கி போட்ட ஐஸ் பெட்டியையே திறக்கத் தெரிந்த பிராணி அது. இரவில் எல்லாச் சாப்பாட்டையும் காருக்குள் வைத்துப் பூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

விறகு பொறுக்க அனுமதி இல்லை. காட்டில் கிடக்கும் சுள்ளியைக்கூட எடுக்கக் கூடாது. விலைக்கு வாங்க வேண்டும். கோடையிலும் வறட்சியிலும் தீத்தடை அமலில் இருந்தால் வாங்கிய விறகும் சும்மாதான் கிடக்கும். காஸ் அடுப்புக்கு பெரும்பாலும் தடை இருக்காது. கேம்ப் ஃபயரை நம்பிச் சமையல் திட்டம் போடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

## தண்ணீரும் மின்சாரமும் உள்ள தளம்

இது ஆர்.வி.க்காக அமைத்தது. ஆனால் டென்ட் போடவும் விடுவார்கள். ஐந்து, பத்து டாலர் அதிகம் கொடுத்தால் தளத்திலேயே குழாய், பக்கத்திலேயே ஒரு மின்கம்பப் பெட்டி. இந்தப் பெட்டி இருக்கிறதே, நம் ஆட்களுக்கு இதுதான் வரம். மேசை விசிறி ஒன்றை டென்ட் வாசலில் வைத்துவிட்டால் மே மாத இரவையும் தாண்டிவிடலாம். குழந்தையின் பால் சூடாக்கலாம். அம்மா எழுந்ததும் காபி தயார்.

ஆனால் அந்தப் பெட்டிக்கும் ஒரு வரம்பு உண்டு. உள்ளே இருக்கும் 30, 50 ஆம்ப் துளைகள் ஆர்.வி.க்கு உரியவை. நம் சாமான்கள் போவது வீட்டில் இருக்கும் அதே வடிவத் துளையில்; அதற்கு வழக்கமாக 20 ஆம்ப் பிரேக்கர். 120 வோல்ட்டில் இது 2,400 வாட். இன்டக்ஷன் அடுப்பு முழு வேகத்தில் 1,800 வாட் இழுக்கும். இன்ஸ்டன்ட் பாட் ஆயிரம். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் 2,800. பிரேக்கர் பட்டென்று விழுந்துவிடும், சோறு பாதி வேக்காட்டில் நிற்கும். பெட்டியைத் திறந்து பிரேக்கரை மறுபடி ஏற்றலாம்தான். ஆனால் ஒன்றை முடித்துவிட்டு மற்றதைப் போடுவது புத்திசாலித்தனம். முதலில் சோறு, பிறகு குழம்பு. வெளியில் போடத் தகுந்த தடித்த எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று கட்டாயம். பெட்டி சில தளங்களில் மேசையிலிருந்து இருபது முப்பது அடி தள்ளி இருக்கும்.

இதன் குறை, அக்கம்பக்கம். ஆர்.வி.க்காரர்கள் நடுவே டென்ட் போட்டால் அவர்களுடைய ஏசி எந்திரத்தின் ரீங்காரம் இரவு முழுக்கக் காதில் விழும். இரவு பத்து முதல் காலை ஆறு வரை அமைதி நேரம் என்று விதி இருந்தாலும் ஏசி ஓடுவதை யாரும் நிறுத்தச் சொல்ல முடியாது. தரை பல இடங்களில் சரளை, நிழல் குறைவு. இயற்கையைப் பார்க்க வந்துவிட்டு வண்டி நிறுத்துமிடத்தில் படுத்திருக்கிறோமோ என்று சிலருக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியதுண்டு, ஆனால் காலையில் சூடாக ஃபில்டர் காபி கையில் வந்ததும் அந்த எண்ணம் போய்விடும்.

## ஸ்கிரீன்டு ஷெல்டர்

நான்கில் மிகக் குறைவாகப் பேசப்படுவது இதுதான். முதல்முறை போகும் தமிழ்க் குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதைத்தான். டெக்சஸின் பழைய பூங்காக்களில் பரவலாகக் காணலாம். ஓர் அறையை நினைத்துக்கொள்ளுங்கள். கெட்டியான கூரை, சிமென்ட் அல்லது மரத் தரை, இடுப்பளவுக்குச் சுவர், அதற்கு மேல் நாலா பக்கமும் கொசுவலை. கதவும் வலைதான். உள்ளே ஒரு விளக்கும் மின்துளையும் பெரும்பாலும் இருக்கும். வெளியே மேசை, தீக்குழி, தண்ணீர்க் குழாய். அவ்வளவுதான். கட்டில் கிடையாது, ஏசி கிடையாது, கழிப்பறையும் பொதுவானது.

இந்தக் குறைகளைக் கேட்டதும் பலர் கேபினுக்கு ஓடிவிடுகிறார்கள். கொஞ்சம் நின்று பார்க்கலாம். டென்ட் போட, பிரிக்க, மடித்துப் பைக்குள் திணிக்க ஆகும் நேரமும் சண்டையும் இல்லை. மழை வந்தால் அடியில் தண்ணீர் ஊறாது. எறும்புப் புற்றின் மேல் படுக்க வாய்ப்பே இல்லை. நிமிர்ந்து நின்று உடை மாற்றலாம். இந்த வசதி எவ்வளவு பெரிது என்பது சேலை கட்டும் அம்மாவோடு டென்ட்டில் தங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மடக்குக் கட்டில்களை விரித்து வரிசையாகப் போட்டுவிட்டால் பெரியவர்கள் தரையிலிருந்து எழுந்திருக்க வேண்டிய அவஸ்தை இல்லை. ஊரில் மொட்டைமாடியில் படுத்துப் பழகியவர்கள் வலைவழியாக வரும் காற்றில் சுகமாகத் தூங்கிவிடுவார்கள்.

விலைப்பட்டியலில் தெரியாதவை மூன்று. மடக்குக் கட்டில் ஒன்றுக்கு நாற்பது ஐம்பது டாலர் ஆகும். இரவல் கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் நான்கு கட்டிலும் அவை ஏறுவதற்குக் காரில் இடமும் பார்க்க வேண்டும். அடுத்தது மறைப்பு. நான்கு பக்கமும் வலை என்றால் விளக்கைப் போட்டதும் உள்ளே இருப்பது எல்லாம் வெளியே தெரியும். பழைய பெட்ஷீட் நான்கும் துணி கிளிப் ஒரு டஜனும் கொண்டுபோனால் ஐந்து நிமிடத்தில் திரை கட்டிவிடலாம். மூன்றாவது குளிர். டிசம்பர், ஜனவரியில் வடகாற்று வலைவழியாக நேராக உள்ளே வரும். டென்ட்டில் உடல்சூடாவது தங்கும், இங்கே தங்காது. கோடையிலும் கூரை பகல் முழுக்கச் சூடேறி இரவில் அதைக் கொட்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஷெல்டர் வேண்டாம்.

நாய் வளர்க்கிறவர்கள் கவனிக்க வேண்டிய விதி ஒன்று: ஷெல்டருக்குள்ளும் கேபினுக்குள்ளும் நாயை விடமாட்டார்கள். அப்படியானால் டென்ட் தளம்தான் வழி.

## கேபின்

கேபின் என்ற ஒரே சொல்லில் இரண்டு வெவ்வேறு பொருள்களை விற்கிறார்கள். பதிவு செய்யும் முன் இதைப் பிரித்துப் பார்க்காதவர்கள்தான் வாசலில் வந்து திகைத்து நிற்கிறார்கள்.

ஒன்று சிறிய கேபின். இங்க்ஸ் லேக்கில் இருக்கிற வகை. நான்கு சுவர், பங்க் படுக்கை, ஏசி, ஹீட்டர். கழிப்பறையும் குளியலறையும் வெளியே நடந்து போகும் தூரத்தில். உள்ளே சமைக்கக் கூடாது. சமையல் வெளியே மேசையில்தான். போர்வை, தலையணை எல்லாம் நீங்களே கொண்டுவர வேண்டும். சுருக்கமாகச் சொன்னால் ஏசி போட்ட ஷெல்டர். ஆகஸ்டில் அந்த ஏசிக்காகவே கொடுக்கிற பணம் தகும். ஏரியின் நீர்மட்டமும் அங்கே கோடையில் பெரிதாக இறங்காது, எனவே பகல் முழுக்கத் தண்ணீரில் கிடந்துவிட்டு இரவு குளிர்ந்த அறைக்கு வரலாம்.

இன்னொன்று பெரிய கேபின். குளியலறை, சிறு சமையலறை, சிலவற்றில் கணப்படுப்பு. இவற்றில் பழையவை 1930-களில் கட்டியவை. அமெரிக்காவின் பெரும் பொருளாதார மந்தத்தின்போது, 1933 முதல் 1942 வரை, வேலையில்லாத இளைஞர்களைத் திரட்டிப் பூங்காக்களிலும் காடுகளிலும் வேலை கொடுத்த சி.சி.சி. என்ற அமைப்பு கல்லிலும் மரத்திலும் எழுப்பியது. மாதச் சம்பளம் முப்பது டாலர். அதில் இருபத்தைந்து நேராக வீட்டுக்குப் போய்விடும். பாஸ்ட்ராப், கார்னர், கேடோ லேக், பாலோ டூரோ கேன்யன் ஆகிய பூங்காக்களில் அவர்கள் கையால் கட்டிய கேபின்களில் இன்றும் தங்கலாம். 2011 செப்டம்பரில் பாஸ்ட்ராப்பில் பற்றிய காட்டுத்தீ அந்தப் பூங்காவின் பெரும்பகுதியை எரித்தது. தீயணைப்பு வீரர்கள் போராடி அந்தக் கேபின்களைக் காப்பாற்றினார்கள். அடர்ந்த பைன் காட்டை எதிர்பார்த்து இப்போது அங்கே போகாதீர்கள். இளம் மரங்கள் வளர்ந்து வருவதைப் பார்க்கலாம்.

பெரிய கேபின் வாடகை நூறு டாலரைத் தாண்டும். இரண்டு இரவு, நான்கு பெரியவர்கள், நுழைவுக் கட்டணம் என்று கூட்டினால் முந்நூறுக்கு அருகில் வந்து நிற்கும். அந்தப் பணத்துக்கு நல்ல ஓட்டலே கிடைக்குமே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். நான் சொல்லும் பதில்: கைக்குழந்தையோ, நடக்கச் சிரமப்படும் பெற்றோரோ உடன் இருந்தால் கேபின், இல்லாவிட்டால் அந்தப் பணத்தில் இரண்டு முறை ஷெல்டரில் தங்கிவிடலாம். இன்னொன்று, சமையலறை இருக்கிறது என்றால் பாத்திரமும் இருக்கும் என்று பொருள் இல்லை. தோசைக்கல் முதல் கரண்டிவரை கொண்டுபோக வேண்டியிருக்கலாம். பதிவு செய்யும் பக்கத்தில் பட்டியல் போட்டிருப்பார்கள், ஒருமுறை படித்துவிடுங்கள். தாளிக்கிற நெடி அந்தச் சிறிய அறையில் இரண்டு நாள் போகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குழம்பை வீட்டிலேயே செய்து உறையவைத்துக் கொண்டுபோய்ச் சூடாக்குவது உத்தமம்.

ஆர்.வி. வாடகைக்கு எடுக்கலாமா என்று கேட்கிறவர்களுக்குச் சுருக்கமாக: வாடகை, மைல் கணக்கு, பெட்ரோல், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்தால் பெரிய கேபினை விட அதிகமாகும், தளக் கட்டணம் அதற்கு மேல். ஒரு வார இறுதிக்கு அது தேவையில்லை. பல பூங்காக்களைத் தொடர்ந்து பார்க்கும் பத்து நாள் பயணம் என்றால் மறுபடி கணக்குப் போடலாம்.

## நான்கு குடும்பம் சேர்ந்து போனால்

ஒரு தளத்தில் அதிகபட்சம் எட்டுப் பேர். நான்கு குடும்பம் என்றால் குறைந்தது இரண்டு, வசதியாக இருக்க மூன்று தளங்கள் வேண்டும். வரைபடத்தைப் பார்த்து ஒட்டிய எண்களாக எடுக்க வேண்டும். ஒட்டிய எண்கள் என்றால் ஒட்டிய இடம் என்று எப்போதும் அர்த்தமில்லை, சில இடங்களில் இடையே சாலை ஓடும். எல்லோரும் ஒரே வகையில் தங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பெற்றோரோடு வரும் குடும்பம் ஷெல்டர், இளம் தம்பதியர் டென்ட், சமையல் மட்டும் மின்சாரத் தளத்தில் என்று பிரித்துக்கொண்டால் எல்லோருக்கும் சௌகரியம், செலவும் குறைவு.

அந்தாக்ஷரியை இரவு பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும். இருபது பேர் ஒரே இடத்தில் பேசினால் அது நமக்குப் பேச்சு, பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சந்தை. ரேஞ்சர் வந்து சொல்லும்படி வைத்துக்கொள்ளாதீர்கள். பூங்காவில் பொது இடத்தில் மது அருந்துவதற்கும் தடை இருக்கிறது என்பதை நண்பர்கள் குழுக்களுக்கு நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

## ஆற்றங்கரைத் தளம்

நான்கு வகையிலும், தண்ணீர் ஓரமாக இருக்கும் தளத்துக்குத்தான் போட்டி. ஹில் கன்ட்ரி ஆறுகளுக்கு ஓரிடத்தில் மழை பெய்தால் இன்னோரிடத்தில் வெள்ளம் வரும் குணம் உண்டு. மேல்மண் மெல்லியது, அடியில் பாறை, சரிவு அதிகம். பெய்த தண்ணீர் உறிஞ்சப்படாமல் நேராக ஆற்றுக்குள் இறங்கிவிடும். உங்கள் தலைக்கு மேல் நட்சத்திரம் தெரியும், முப்பது மைல் மேலே கொட்டிய மழை உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கும். 2025 ஜூலை 4 அதிகாலையில் குவாடலூப் ஆற்றில் வந்த வெள்ளம் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் அதில் பலர்.

பெடர்னேல்ஸ் ஃபால்ஸில் தண்ணீர் கலங்க ஆரம்பித்தாலோ மட்டம் உயர்ந்தாலோ உடனே மேட்டுக்கு ஏறிவிடச் சொல்லிப் பலகை வைத்திருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டுப் போட்டோ எடுக்க நிற்காதீர்கள். பல பூங்காக்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது, எச்சரிக்கைச் செய்தி வந்து சேரும் என்று நம்ப முடியாது. இருபத்தைந்து முப்பது டாலருக்குக் கிடைக்கும் வானிலை ரேடியோ ஒன்று பையில் இருக்கட்டும். மழை எச்சரிக்கை இருக்கும் வார இறுதியில் நான் ஆற்றங்கரைத் தளத்தை விட்டு மேட்டுத் தளத்துக்கு மாற்றிக்கொள்வேன். காட்சி குறையும், குறையட்டும்.

## ஊரை வைத்துப் பார்த்தால்

டாலஸ் பக்கம் இருப்பவர்களுக்கு ஷெல்டர் வேண்டுமென்றால் மேற்கே லேக் மினரல் வெல்ஸ், கிழக்கே டைலர். டைலரில் பைன் மரங்களும் ஊற்றுநீர் ஏரியும் உண்டு, சின்னக் குழந்தைகளுக்கு அதுவே போதும். கிளென் ரோஸில் உள்ள டைனோசர் வேலியில் பாலக்சி ஆற்றுப் படுகையில் டைனோசர் காலடித் தடங்கள் தெரியும். தண்ணீர் வற்றும் கோடைக் கடைசியில்தான் அவை நன்றாகத் தெரியும் என்பது இடைஞ்சல், ஏனென்றால் டென்ட்டுக்கு அது மிக மோசமான காலம். அதனால் அந்த ஒன்றுக்கு மட்டும் நாள் பயணமாகப் போய்வருவது மேல்.

ஆஸ்டின், சான் அன்டோனியோக்காரர்களுக்கு இங்க்ஸ் லேக் சிறிய கேபின் கோடைக்கு. பிளாங்கோவின் ஷெல்டர் வசந்தத்துக்கு. கார்னரில் ஷெல்டரும் கேபினும் உண்டு, ஃப்ரியோ ஆறு கண்ணாடி போல் ஓடும், கோடை இரவுகளில் ஜூக்பாக்ஸ் பாட்டுக்கு ஊரே ஆடும். ஆனால் ஜூன், ஜூலையில் அங்கே இடம் பிடிப்பது திருவிழாவில் தேருக்கு அருகே போவது மாதிரிதான். அக்டோபர் மூன்றாம் வாரத்துக்கு மே மாதமே பதிவு செய்துகொள்ளுங்கள். கூட்டம் இருக்காது, தண்ணீரில் இறங்கும் அளவுக்கு வெயிலும் பெரும்பாலும் இருக்கும்.

டென்ட்டே வாங்காமல் ஒருமுறை போட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, டெக்சஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறை நடத்தும் டெக்சஸ் அவுட்டோர் ஃபேமிலி என்ற பயிற்சி இருக்கிறது. டென்ட் உட்படப் பெரும்பாலான சாமான்களை அவர்களே கொடுத்து, போடவும் சமைக்கவும் சொல்லிக்கொடுப்பார்கள். முந்நூறு டாலரைக் கடையில் கொட்டுவதற்கு முன் ஓர் இரவு இதில் தங்கிப் பாருங்கள்.

ஹூஸ்டன், சுகர் லேண்டில் இருப்பவர்களுக்கு பிரேசோஸ் பென்டும் ஹன்ட்ஸ்வில்லும். இரண்டிலும் ஷெல்டர் உண்டு, இரண்டிலும் முதலை உண்டு. பிரேசோஸ் பென்டில் ஏரிக்கரைப் பாதையிலேயே முதலை வெயில் காய்ந்துகொண்டு கிடக்கும். குறைந்தது முப்பது அடி தள்ளி நிற்க வேண்டும், தீனி போடக் கூடாது, குழந்தைகளின் கையை விடக் கூடாது. அதே பூங்காவுக்குள் ஜார்ஜ் வானாய்வகம் இருக்கிறது. சனிக்கிழமை இரவுகளில் பொதுமக்கள் தொலைநோக்கி வழியாகப் பார்க்கலாம், அதற்குத் தனி டிக்கெட். ஆகவே அங்கே ஷெல்டர் எடுக்கிறவர்கள் சனி இரவு உள்ளடங்கும்படி எடுங்கள். வானம் மேகமூட்டமாக இருந்தால் ஏமாற்றம்தான். நவம்பரில் அந்த ஏமாற்றத்துக்கு வாய்ப்பு குறைவு, கொசுவும் குறைவு.